டிஎக்ஸ்-பால் விளையாட்டுகளின் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்த விளையாட்டைப் பற்றியது?

1996இல் மைக்கேல் பி. வெல்ச் விண்டோஸ் கணினிகளுக்காக எழுதி இலவசமாக வெளியிட்ட டிஎக்ஸ்-பால் என்னும் செங்கல் உடைக்கும் விளையாட்டையும், அவருடைய இசைவோடு கனடாவின் லாங்போ டிஜிட்டல் ஆர்ட்ஸ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட டிஎக்ஸ்-பால் 2 விளையாட்டையும் பற்றியது. கீழே ஒரு மட்டை, மேலே வண்ணச் செங்கற்கள், இடையில் ஒரு பந்து என்ற இந்த அமைப்பு 1976இல் அட்டாரி வெளியிட்ட பிரேக்அவுட்டில் தொடங்கி, 1986இல் டைட்டோவின் ஆர்க்கனாய்டு வழியாக வளர்ந்தது. டிஎக்ஸ்-பாலுக்கு நேரடி முன்மாதிரியாக அமைந்தது அமிகா கணினிக்காக எழுதப்பட்ட மெகாபால் என்ற விளையாட்டு. இந்த அமிகா தொடர்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இங்கே சொல்லப்போகும் இசைமுறை பிறந்ததும் அதே கணினியில்தான்.

முதல் டிஎக்ஸ்-பாலில் பின்னணி இசை இருந்ததா?

இல்லை. அதில் இருந்தவை ஒலிக்குறிப்புகள் மட்டுமே. பந்து செங்கலில் படும் ஓசை, மட்டை வெடிக்கும் ஓசை, பந்து கீழே விழுந்து தொலையும் ஓசை என ஒவ்வொன்றும் ஒரு சிறிய வேவ் கோப்பு, அதாவது சுருக்கப்படாத ஒலிப்பதிவு. பலருடைய நினைவில் அந்த விளையாட்டு இசையோடு தங்கியிருப்பதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, சில ஒலிக்குறிப்புகள் எக்காளம் போலவோ வாத்தியக் குழுவின் ஒற்றை முழக்கம் போலவோ அமைந்திருந்தன. மற்றொன்று, பின்னாளில் இரண்டாம் விளையாட்டையும் ஆடியவர்கள் அதன் பாட்டை முதல் விளையாட்டின் படத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பெயரில் உள்ள டிஎக்ஸ் என்பதற்கும் ஒலிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அது மைக்ரோசாஃப்ட் 1995இல் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் என்ற நிரல் தொகுப்பைக் குறிக்கிறது. அதன் ஒரு பகுதியான டைரக்ட்சவுண்ட், ஒரே நேரத்தில் பல ஒலிகளைக் கலந்து, அதிகத் தாமதம் இல்லாமல் ஒலிபெருக்கிக்கு அனுப்பும் வசதியை விண்டோஸுக்குக் கொண்டுவந்தது. செங்கல் உடைக்கும் விளையாட்டுக்கு இது மிகவும் முக்கியமானது. பந்து செங்கலில் பட்ட கணத்திலேயே ஓசை எழவில்லை என்றால் ஆடுபவரின் கை தடுமாறும். ஒரு பந்து பலவாகப் பிரிந்து நாலாபுறமும் செங்கற்களை உடைக்கும்போது பத்துப் பதினைந்து ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழ வேண்டியிருக்கும். அதற்கு அடியில் இடையறாத பின்னணி இசையும் ஓட வேண்டும் என்றால், இவை எல்லாவற்றையும் கலந்து தரும் ஒரு பொது ஏற்பாடு இல்லாமல் முடியாது.

இரண்டாம் விளையாட்டின் இசையை அமைத்தவர் யார்?

சைட்விண்டர் என்ற புனைபெயரில் இயங்கிய எரிக் கீசெக். விளையாட்டை உருவாக்கியவர் லாங்போவின் சியூமஸ் மெக்நலி. இவர் 2000 மார்ச்சில், தம் 21ஆம் வயதில், புற்றுநோயால் காலமானார். தனித்து இயங்கும் விளையாட்டுப் படைப்பாளிகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசு இன்று இவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

கீசெக்கின் இசை டெக்னோ வகையைச் சேர்ந்தது. உறுதியான தாளம், ஒரே நிலையில் சுற்றிச் சுற்றி வரும் தாழ்சுரம், அதன்மேல் மெல்ல மாறிக்கொண்டே போகும் மின்னணு ஒலிகள் என்பதே அதன் பொது அமைப்பு. ஆடுபவரின் கவனத்தைப் பறிக்காமல், அதே சமயம் சலிப்பும் தட்டாமல், இருபது நிமிடம் அரை மணி என்று ஒலிக்கக்கூடிய இசையை அமைப்பது எளிதான வேலை அன்று. இந்த விளையாட்டின் இசை இவ்வளவு ஆண்டுகளுக்குப் பின்னும் தேடிக் கேட்கப்படுகிறது என்றால், அதற்கு இந்த நிதானமே காரணம் என்பது என் கருத்து.

மாட், மாட்யூல், டிராக்கர் என்கிறார்களே, அவை என்ன?

கீசெக் வந்த மரபைப் புரிந்துகொள்ள இவை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். மாட்யூல் என்பது ஒரு பாட்டின் சுரக்குறிப்பையும், அதை வாசிக்கத் தேவையான கருவிகளின் ஒலித்துண்டுகளையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கும் முறை. அந்தக் கோப்பில் பாட்டின் ஒலிப்பதிவு இருக்காது. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கணினி அந்தக் குறிப்பைப் படித்துப் பாட்டைப் புதிதாக வாசிக்கிறது. இத்தகைய கோப்பை எழுதப் பயன்படும் மென்பொருள்தான் டிராக்கர். மாட் என்பது இந்தக் குடும்பத்தின் மூத்த கோப்பு வகை.

1987இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி அமிகாவுக்காக எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கரிலிருந்து இந்த மரபு தொடங்குகிறது. அமிகாவில் பாலா என்ற சில்லு இருந்தது. அது 8 பிட் ஒலித்துண்டுகளை ஒரே நேரத்தில் நான்கு சேனல்களில், அதாவது நான்கு தனித்தனி ஒலிவழிகளில், வாசிக்கும். முதலாவதும் நான்காவதும் இடப்பக்கம், நடுவிலுள்ள இரண்டும் வலப்பக்கம். இந்தக் கட்டமைப்பை அப்படியே எழுத்தில் வடித்ததுதான் மாட் கோப்பு. திரையில் நான்கு பத்திகள் தெரியும்; வரிகள் மேலிருந்து கீழாக ஓடும். பாட்டின் ஒரு பகுதியை எழுதும் இத்தகைய பக்கத்துக்குப் பேட்டர்ன் என்று பெயர். ஒரு பேட்டர்னுக்கு 64 வரிகள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சுரம், எந்தக் கருவி, எந்த எஃபெக்ட் (வாசிப்பை மாற்றும் கட்டளை) என்ற மூன்று செய்திகளும் வெறும் 4 பைட்டில் அடங்கிவிடுகின்றன. நான்கு சேனல், 64 வரி, 4 பைட் என்று பெருக்கினால் ஒரு பேட்டர்னுக்கு 1,024 பைட், அதாவது சரியாக ஒரு கிலோபைட்.

வேகத்தையும் பார்ப்போம். வழக்கமான அமைப்பில் ஒரு வரி ஆறு சிறு கணங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கணமும் 20 மில்லிசெகண்டு. எனவே ஒரு வரிக்கு 120 மில்லிசெகண்டு, ஒரு பேட்டர்னுக்கு 7.68 செகண்டு. நான்கு வரிக்கு ஓர் அடி என்று தாளம் போட்டால் நிமிடத்துக்கு 125 அடி. அக்கால டிராக்கர் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த வேகத்திலோ அதற்கு அருகிலோ இருப்பது தற்செயல் அன்று. மென்பொருளைத் திறந்தவுடன் கிடைத்த வேகத்திலேயே பலர் பாட்டைத் தொடங்கினார்கள்.

நான்கே சேனலில் இவ்வளவு நிறைவான இசை எப்படி வருகிறது?

இந்த மரபில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தாளத்துக்கு ஒரு சேனல், தாழ்சுரத்துக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று என்று ஒதுக்கினால் மீதம் இருப்பது ஒன்றே ஒன்று. மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்டுக்கு மூன்று சேனல் வேண்டுமே, எங்கே போவது? இதற்கு இரண்டு வழிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்று, கார்டு முழுவதையும் முன்பே ஒலிப்பதிவு செய்து, அதையே ஒரு கருவியாகக் கோப்பில் வைத்துவிடுவது. மற்றொன்று அர்ப்பெஜியோ என்ற எஃபெக்ட். ஒரு கட்டத்தில் 047 என்று எழுதினால், எழுதிய சுரம், அதிலிருந்து நான்கு அரைச்சுரம் மேலே உள்ளது, ஏழு அரைச்சுரம் மேலே உள்ளது என்ற மூன்றையும் கணத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வாசிக்கும். ஒவ்வொன்றும் 20 மில்லிசெகண்டு மட்டுமே ஒலிப்பதால் காது அதைத் தனித்தனிச் சுரங்களாகப் பிரித்தறிவதில்லை. மின்னி நடுங்கும் ஒரே கார்டாக எடுத்துக்கொள்கிறது. 047 என்பதை 037 என்று மாற்றினால் மேஜர் கார்டு மைனராகிவிடும். பழைய விளையாட்டு இசையில் நாம் கேட்டுப் பழகிய அந்தச் சிலிர்ப்பான ஒலி இப்படித்தான் பிறந்தது.

தாழ்சுரத்துக்கான சேனலில் சுரங்களுக்கு இடையே ஒரு வரி காலியாக இருந்தால், அந்த இடைவெளியில் ஒரு சிறு தட்டோசையைச் செருகிவிடுவார்கள். மெட்டை இன்னொரு சேனலில் சற்றுத் தாமதமாக, குறைந்த ஒலியில் திரும்ப எழுதி எதிரொலியை உண்டாக்குவார்கள்.

கணினி மாறியபின் இந்த முறை என்ன ஆனது?

1990களில் பிசிக்கு வந்து விரிந்தது. 1994இல் ஃபின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ குழுவினர் வெளியிட்ட ஸ்கிரீம் டிராக்கர் 3, அதே ஆண்டில் ஸ்வீடனின் டிரைட்டன் குழுவினர் வெளியிட்ட ஃபாஸ்ட்டிராக்கர் 2, 1995இல் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி லிம் எழுதிய இம்பல்ஸ் டிராக்கர் ஆகிய மூன்றும் முக்கியமானவை. இவற்றின் கோப்பு வகைகள் முறையே எஸ்3எம், எக்ஸ்எம், ஐடி. ஃபாஸ்ட்டிராக்கர் 2இல் 32 சேனல், இம்பல்ஸ் டிராக்கரில் 64 சேனல், 16 பிட் ஒலித்துண்டுகள் என்று எல்லைகள் தளர்ந்தன. அதே 1998இல் வெளிவந்த அன்ரியல் போன்ற பெரும் வணிக விளையாட்டின் இசையும் மாட்யூல் முறையில்தான் அமைக்கப்பட்டது என்பதிலிருந்து, இது வசதியற்றவர்களின் மாற்று ஏற்பாடாக மட்டும் இருக்கவில்லை என்பது விளங்கும்.

ஏன் எம்பி3யைப் பயன்படுத்தவில்லை?

கோப்பின் அளவுதான் முதல் காரணம். இலவச விளையாட்டுகள் தொலைபேசி மோடம் வழியாகவும், 1.44 மெகாபைட் ஃப்ளாப்பியிலும், கணினி இதழ்களோடு வந்த சிடிகளிலும் பரவிய காலம் அது. 28.8 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் செகண்டுக்கு 3.6 கிலோபைட்தான் இறங்கும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைச் சிடி தரத்தில் வேவ் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 32 மெகாபைட். இறக்க இரண்டரை மணி நேரம் ஆகும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 2.9 மெகாபைட், பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். 300 கிலோபைட் மாட்யூல் என்றால் ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடும். ஒரு விளையாட்டில் ஐந்தாறு பாட்டு இருந்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் கணினியின் திறன். அன்றைய பென்டியம் கணினியில் எம்பி3யை விரித்து வாசிப்பதே செயலியின் நேரத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும்; நான்கைந்து சேனல் ஒலித்துண்டுகளைக் கலப்பதோ மிக இலகுவான வேலை. எம்பி3க்குக் காப்புரிமை இருந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மிடி கோப்பு இன்னும் சிறியதாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மிடியில் சுரக்குறிப்பு மட்டுமே இருக்கும், கருவியின் ஒலி இருக்காது. ஒலி எப்படி அமையும் என்பது அவரவர் கணினியில் உள்ள ஒலி அட்டையைப் பொறுத்தது. விலையுயர்ந்த அட்டையில் வயலினாக ஒலிப்பது ஒலியைத் தானே செயற்கையாக உருவாக்கும் மலிவான எஃப்எம் சில்லில் வண்டின் ரீங்காரமாக ஒலிக்கும். இசையமைப்பாளர் நினைத்த ஒலியே எல்லார் வீட்டிலும் கேட்க வேண்டும் என்றால், சிறிய கோப்பில் அதற்கு அன்று இருந்த ஒரே நல்ல வழி மாட்யூல்தான்.

ஒரு நிலையை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதபோது, இசை எப்படி வெட்டுப்படாமல் ஓடுகிறது?

செங்கல் உடைக்கும் விளையாட்டில் ஒரு நிலை ஒரு நிமிடத்தில் முடியலாம். கடைசிச் செங்கல் ஒன்று மூலையில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் இழுத்தடிக்கவும் செய்யலாம். மாட்யூலில் எந்தப் பேட்டர்னுக்குப் பின் எது என்ற வரிசைப் பட்டியல் தனியே இருக்கிறது. மாட் வகையில் இதற்கு 128 இடங்கள் உண்டு. ஒரே பேட்டர்னைப் பட்டியலில் பத்து முறை குறித்தாலும் கோப்பின் அளவு கூடாது. கடைசி வரியில் பி (B) என்ற எஃபெக்டை எழுதி, பட்டியலின் எந்த இடத்துக்குத் தாவ வேண்டும் என்று சொல்லிவிட்டால், முன்னுரையாக வரும் பகுதியை விட்டுவிட்டு நடுப்பகுதிக்கு மட்டும் திரும்பிச் செல்லும். இடையில் மௌனமோ வெட்டோ இருக்காது. எம்பி3 கோப்பைத் திரும்ப ஓடவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் சேரும் மிகச் சிறிய வெற்றிடம் தாளத்தைத் தட்டிவிடும். மாட்யூலில் அந்தச் சிக்கலே எழுவதில்லை.

பழைய இலவச விளையாட்டின் கோப்புறையிலிருந்து இசையை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் கோப்புப் பெயரின் இறுதியைப் பாருங்கள்: மாட், எஸ்3எம், எக்ஸ்எம், ஐடி. இவற்றில் எதுவும் இல்லை என்றால், விளையாட்டின் பிற தரவுகளோடு சேர்த்து ஒரே பெரிய கோப்பில் கட்டி வைத்திருக்கலாம், அல்லது பெயரை மட்டும் மாற்றியிருக்கலாம். அப்போது கோப்பின் உள்ளே பார்க்க வேண்டும். கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் என்ற மென்பொருளில் திறந்தால் ஒவ்வொரு வகைக்கும் ஓர் அடையாளம் கிடைக்கும். 31 கருவிகள் கொண்ட மாட் கோப்பில் தொடக்கத்திலிருந்து 1,080ஆம் பைட்டில், ஆங்கில எழுத்துகளில், எம்.கே. என்று இருக்கும். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்றால், பாட்டின் பெயருக்கு 20 பைட், 31 கருவிகளின் விவரத்துக்குக் கருவிக்கு 30 வீதம் 930, நீளத்துக்கும் மீள்தொடக்கத்துக்கும் 2, வரிசைப் பட்டியலுக்கு 128, கூட்டினால் 1,080. எஸ்3எம் கோப்பில் 44ஆம் பைட்டில் எஸ்சிஆர்எம் என்றும், ஐடி கோப்பின் தொடக்கத்திலேயே ஐஎம்பிஎம் (IMPM) என்றும், எக்ஸ்எம் கோப்பின் தொடக்கத்தில் எக்ஸ்டெண்டட் மாட்யூல் என்றும் காணலாம்.

திறந்து கேட்க ஓபன்எம்பிடி, எக்ஸ்எம்ப்ளே ஆகியவை சிறந்தவை; இரண்டும் இலவசம். விஎல்சியும் வாசிக்கும். ஆனால் நான் பரிந்துரைப்பது ஓபன்எம்பிடி. அதில் பாட்டைக் கேட்டுக்கொண்டே வரிகள் ஓடுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு சேனலாக ஒலியடக்கி, எது எங்கே ஒலிக்கிறது என்று பிரித்துக் கேட்கலாம்.

கருவிகளின் பெயர்ப் பட்டியலையும் தவறாமல் பாருங்கள். மாட் கோப்பில் ஒவ்வொரு கருவிப் பெயருக்கும் 22 எழுத்து இடம் உண்டு. இசையமைப்பாளர்கள் பலர் அங்கே கருவியின் பெயரை எழுதாமல், ஒரு கடிதத்தையே வரி வரியாக எழுதி வைத்தார்கள்: யார் எழுதியது, யாருக்கு வணக்கம், எப்படித் தொடர்புகொள்வது, பாட்டை எங்கே பயன்படுத்தலாம் என்றெல்லாம். ஒரு பாட்டை எழுதியவர் யார் என்பதற்குச் சில வேளைகளில் கிடைக்கும் ஒரே சான்று அந்தப் பட்டியல்தான்.

ஒரே கோப்பு ஒவ்வொரு பிளேயரிலும் வேறு மாதிரி ஒலிப்பது ஏன்?

கணினி பாட்டைப் புதிதாக வாசிக்கிறது என்றோமே, வாசிக்கும் முறையில் பிளேயருக்குப் பிளேயர் வேறுபாடு இருப்பதுதான் காரணம். ஒலித்துண்டை மேல் சுரத்துக்கு ஏற்றும்போது இடைப்பட்ட மதிப்புகளை நிரவி மென்மையாக்கும் பிளேயர்கள் உண்டு. நிரவாமல் அப்படியே கரகரப்போடு விடுபவையும் உண்டு. அமிகாவின் இட வலப் பிரிவை முழுமையாகப் பின்பற்றினால் ஹெட்ஃபோனில் தாளம் ஒரு காதிலும் மெட்டு மறு காதிலும் தனித்து நிற்கும். பல பிளேயர்கள் இதைக் குறைத்து நடுவே கொண்டுவருகின்றன. விளையாட்டில் கேட்டது போலவே வேண்டும் என்றால், நிரவலை நிறுத்தியும் இயக்கியும் ஒப்பிட்டுப் பார்த்து, நினைவுக்கு நெருக்கமானதை வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் பதிவாகவே கிடைக்கும்போது, மூலக் கோப்பை எதற்காகப் பாதுகாக்க வேண்டும்?

பதிவு என்பது யாரோ ஒருவருடைய பிளேயர் ஒரு நாள் வாசித்த விதம். அதில் நிரவல், இட வலப் பிரிவு, எத்தனை சுற்றுக்குப் பின் ஒலியைக் குறைத்து முடிப்பது என்பன எல்லாம் பதிவு செய்தவரின் தேர்வுகள். அதன்மேல் சுருக்க முறையின் இழப்பும் சேர்கிறது. மூலக் கோப்பிலோ பாட்டை எழுதியவர் இட்ட ஒவ்வொரு சுரமும், ஒவ்வொரு எஃபெக்டும், அவர் தேர்ந்தெடுத்த ஒலித்துண்டுகளும், அவர் எழுதி வைத்த பெயர்ப் பட்டியலும் இட்டபடியே இருக்கின்றன. பாட்டிலிருந்து சுரக்குறிப்பைத் திரும்பப் பெறுவது கடினம். குறிப்பிலிருந்து பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் பெறலாம். வேறெந்த இசை மரபிலும் கேட்பவர் கைக்கு இசையமைப்பாளரின் எழுத்துப்படியே இப்படி நேராக வந்து சேர்ந்ததில்லை என்றே சொல்வேன். 1996 முதல் இயங்கும் மாட் ஆர்க்கைவ் போன்ற சேமிப்பகங்கள் செய்துவரும் பணியை நான் மிகவும் மதிப்பது இதனால்தான்.

ஆகவே பழைய வன்தட்டிலோ சிடியிலோ இத்தகைய விளையாட்டு ஒன்று கிடைத்தால், இசையை மட்டும் பதிவு செய்துகொண்டு மற்றதை அழித்துவிடாதீர்கள். கோப்புறை முழுவதையும், நாள் குறிப்பு மாறாமல், அப்படியே நகலெடுத்து வையுங்கள். கூடவே வரும் உரைக் கோப்பில் இசை அமைத்தவரின் பெயர் இருக்கக்கூடும்.

விளையாட்டு இலவசம் என்றால் அதன் இசையையும் என் காணொளியிலோ விளையாட்டிலோ பயன்படுத்தலாமா?

அனுமதி பெறாமல் பயன்படுத்தக் கூடாது. ஃப்ரீவேர் என்பது விளையாட்டைக் காசின்றிப் பெற்று ஆடலாம், பெரும்பாலும் மாற்றாமல் பகிரலாம் என்ற அனுமதி மட்டுமே. இசையின் உரிமை இசையமைப்பாளரிடமோ, அவர் எழுதிக்கொடுத்த நிறுவனத்திடமோ இருக்கிறது. பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி படைப்பாளியின் ஆயுளுக்குப் பின்னும் குறைந்தது 50 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். எனவே 1990களின் டிராக்கர் பாட்டு எதுவும் பழமையால் மட்டும் பொதுவுடைமை ஆகிவிடவில்லை. டிஎக்ஸ்-பால் 2 முழுவதும் இலவசமாக வந்ததும் அன்று. ஒரு பகுதி இலவசம், மீதி நிலைகளுக்கு விலை என்ற முறையில் வந்தது. 2018இல் அதன் 20ஆம் ஆண்டுப் பதிப்பு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்பனைக்கு வந்தது என்பதால் அதைக் கைவிடப்பட்ட விளையாட்டு என்று கருதவும் இடமில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓபார்ஸ்கியின் காலத்திலிருந்தே எஸ்டி-01 போன்ற ஒலித்துண்டு வட்டுகள் கைமாறி வந்தன. பிறர் பாட்டிலிருந்து பிடித்த கருவியை எடுத்துத் தம் பாட்டில் வைப்பதும் அக்கால வழக்கம். அந்தத் துண்டுகளில் பல, வணிக சிந்தசைசர்களிலிருந்தும் ஒலித்தட்டுகளிலிருந்தும் பதிவு செய்யப்பட்டவை. ஆகவே பாட்டை எழுதியவரே சம்மதித்தாலும், வணிக நோக்கில் பயன்படுத்துபவர்கள் ஒலித்துண்டுகள் எங்கிருந்து வந்தவை என்று அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. டிராக்கர் மரபைச் சேர்ந்தவர்களில் பலர் மரியாதையாகக் கேட்டால் மகிழ்ச்சியோடு அனுமதிப்பவர்கள். பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதே பெரும்பாலும் அவர்கள் வைக்கும் நிபந்தனை.